வாய்க்கும் கைக்கும் நடுவில் இரண்டடி

முப்பத்தொன்றாவது வயதில் நான் பணி ஓய்வு பெற்றேன். அலுவலகத்தில் அப்படித்தான் சொன்னார்கள். கடைசி நாளன்று வெட்டிய கேக்கின் மேல் கிண்டலாக "ஹேப்பி ரிட்டயர்மென்ட்" என்று எழுதி வைத்திருந்தார்கள். வழக்கப்படி ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள். நெமிலிச்சேரியில் என் வீட்டுக் கூடத்தில் அது இன்றும் ஓடுகிறது. தினமும் காலையில் அதைப் பார்த்துக்கொண்டே ஷூ கட்டி, மின்சார ரயிலைப் பிடிக்க ஓடுகிறேன், லிஃப்ட் மெக்கானிக் வேலைக்கு.

விட்டுவந்தது மென்பொருள் சோதனை வேலை. மற்றவர்கள் எழுதிய நிரலில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடிச் சொல்வது. அம்பத்தூரில் ஆறாவது மாடி, குளிர்ச்சாதனம், இலவசக் காபி. இப்போது அந்தத் தேடலையும் ஒரு நிரலே செய்யத் தொடங்கிவிட்டதாம். அதனால் சில மாதங்களாகப் பழைய அலுவலகத்துத் தம்பிகளும் தங்கைகளும் வரிசையாகக் கூப்பிடுகிறார்கள். "அண்ணா, ஒரு அஞ்சு நிமிஷம் பேசலாமா?" என்று ஆரம்பித்து, "வீட்ல என்ன சொன்னாங்க? கஷ்டமா இருக்கா? என்னால முடியுமா?" என்று வந்து நிற்பார்கள். கையில் கிரீஸோடு ஏதோ ஒரு மாடிப்படியில் நின்றுகொண்டு அதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வீட்டில் என்ன சொன்னார்கள் என்பதை முதலில் முடித்துவிடலாம். எனக்கு எதிலும் கால் தரிக்காது. கிதார் வாங்கினேன். பால்கனியில் காளான் வளர்த்தேன். பறக்கும் கேமரா ஒன்றைப் பறக்கவிட்டுப் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கினேன். ஆகவே, "லிஃப்ட் வேலை கத்துக்கப் போறேன்" என்று நான் சொன்னபோது என் மனைவி சுகன்யா, "அவ்வளவுதானா? உன் மூஞ்சியப் பாத்து, கழுதைப் பண்ணை வைக்கப் போறேன்னு சொல்லுவியோன்னு பயந்துட்டேன்" என்றாள். கரூரிலிருக்கும் அப்பாதான் மூன்று நாள் பேசவில்லை. பிறகு போன் செய்து, "இன்ஜினீயரிங் படிச்சது லிஃப்ட்ல பட்டன் அமுக்கறதுக்காடா?" என்று கேட்டார். இப்போது சொந்தக்காரர்களிடம், "லிஃப்ட் கம்பெனியில இருக்கான்" என்று சொல்கிறார். அதற்கு மேல் யாரும் கேட்காதபடி காபி கொடுத்துவிடுகிறார்.

ஏன் லிஃப்ட்? எங்கள் அலுவலகக் கட்டடத்தில் ஒரு லிஃப்டைக் கழற்றிவிட்டுப் புதிதாகப் போட்டார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அடைப்புப் பலகையின் இடுக்கு வழியாக எட்டிப் பார்ப்பேன். உச்சியிலிருந்து அடிவரை மெல்லிய கம்பிகளைத் தொங்கவிட்டு, ஒவ்வொன்றின் நுனியிலும் கனமான தூக்குக்குண்டு கட்டியிருந்தார்கள். குண்டுகள் கீழே எண்ணெய் வாளிகளுக்குள் மூழ்கிக் கிடந்தன. எதற்கு எண்ணெய் என்று கேட்டேன். "காத்துல கம்பி ஆடும் சார். எண்ணெயில குண்டு ஆடாது" என்றார் வேலை செய்தவர். அந்த அசையாத கம்பியை வைத்துத்தான் லிஃப்ட் ஓடும் தண்டவாளத்தை நிமிர்த்துகிறார்கள். ஆறு மாடி உயரத்துக்கு ஒரு நேர்கோடு, அதுவும் ஒரு வாளி எண்ணெயால்! அன்று மதியம் என் கணினி முன்னால் போய் உட்கார்ந்தேன். எதையும் சோதிக்கத் தோன்றவில்லை.

பயிற்சிக் காலத்தைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சனி, ஞாயிறுகளில் ஒரு பயிற்சி நிலையம். வேலையை விட்ட பிறகு மண்ணூர்பேட்டையில், அழுத்தும் இயந்திரங்கள் இடி இடிக்கும் ஒரு பட்டறைக்குப் பக்கத்தில், ஒரு சிறிய லிஃப்ட் பராமரிப்பு நிறுவனத்தில் உதவியாள். முதல் சில மாதங்கள் துடைத்தேன், தூக்கினேன், பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளங்கைத் தோல் உரிந்தது, பிறகு தடித்தது. சம்பளம் குறைந்தது, பசி கூடியது.

என் மேலாளர் கலைச்செல்வி. பாலிடெக்னிக்கில் படித்தவர், வளர்ந்தது மண்ணூர்பேட்டையிலேயே. என்னைவிட நான்கு வயது இளையவர். அவரை எப்படிக் கூப்பிடுவது என்று நானும், என்னை எப்படிக் கூப்பிடுவது என்று அவரும் முழிக்க வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். முதல் நாளே அதைத் தீர்த்துவிட்டார்.

"நான் உங்கள அண்ணான்னு கூப்டுவேன். நீங்க நான் சொல்றத கேக்கணும். அது வேற, இது வேற. சரியாண்ணா?"

"சரிங்க மேடம்."

"சோக்கா சொன்னீங்க. ஹெல்மெட்ட போடுங்க."

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். வேலை தொடங்கும் முன் கைபேசியைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து, பையைப் படிக்கட்டில் வைத்துவிடுவார். யார் கூப்பிட்டாலும் அந்த ஜிப் திறக்காது. வேலையிடத்தில் ஒரு பழக்கம் வைத்திருந்தார். ஒருவர் ஒன்றைச் செய்ததும் உரக்கச் சொல்ல வேண்டும், மற்றவர் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். லிஃப்ட் கேபினின் கூரைமேல் ஏறுகிறவர் முதலில் அங்கிருக்கும் சிவப்புக் குமிழை அழுத்திவிட்டு, "ஸ்டாப் போட்டாச்சு" என்பார். மேலே இருப்பவர், "ஸ்டாப் போட்டாச்சு, கேட்டேன்" என்பார். அதற்குப் பிறகுதான் அடுத்த கால். இதில் இன்னொரு விதியும் உண்டு. சொல்லும்போது கை அந்த ஸ்விட்சின் மேலேயே இருக்க வேண்டும்.

எனக்கு முதலில் இது பள்ளிக்கூடத்து வாய்ப்பாடு போலத் தோன்றியது.

என் கூட்டாளி சரவணனுக்கு அப்படித் தோன்றவில்லை. என் வயதுதான், ஆனால் பள்ளி முடித்ததிலிருந்து இதே வேலை. "ஐ.டி. மாமே" என்றுதான் என்னைக் கூப்பிடுவான். "தபார் ஐ.டி. மாமே, இது உன் ஆபீஸ் மீட்டிங் இல்ல. இங்க பேசறதே ஒரு டூலு" என்பான்.

ஒருநாள் கலைச்செல்வி மேல்மாடியில் நின்ற கேபினின் கூரைமேல் இருந்தார். நான் அதற்கு நேர் மேலே மெஷின் ரூமில். தரையில் கயிறுகள் இறங்கும் ஓட்டை வழியாகக் கீழே மூச்சு விட்டால்கூட மேலே கேட்கும், மேலிருப்பதும் கீழே கேட்கும்.

"மெயின் ஆஃபாண்ணா?"

"ஆஃப்" என்றேன். சொல்லிக்கொண்டே ஸ்விட்ச் பலகைக்குப் போய்க் கைப்பிடியைக் கீழே இழுத்தேன். டப் என்று சத்தம் கேட்டது.

கீழே கதவு திறந்து அவர் வெளியே வருவது தெரிந்தது. மாடியேறி வந்தார், பையைத் திறந்தார், ஃப்ளாஸ்க்கிலிருந்து டீயை ஊற்றி எனக்கு ஒரு கப் கொடுத்தார்.

"ஆஃப்னு சொன்னப்ப எங்க நின்னுகினு இருந்தீங்க?"

காட்டினேன்.

"பலகை?"

அதையும் காட்டினேன்.

"நீங்க பொய் சொல்லலண்ணா. செய்யப் போறததான் சொன்னீங்க. ஆனா வார்த்த முன்னாடி வந்துச்சு, டப்பு பின்னாடி வந்துச்சு. உங்க வாய்க்கும் கைக்கும் நடுவுல ரெண்டடி கீது பாருங்க, அந்த ரெண்டடிக்குள்ளதான் நான் கயிறு ஓடற கப்பில கைய வெச்சிகினு நிக்கறேன்."

அவர் தன் பக்கத்துக் குமிழையும் அழுத்தி வைத்திருந்ததால் எதுவும் நடந்திருக்காது. அதையும் அவரே சொன்னார். டீயைக் குடித்தோம். மறுபடி இறங்கினார், மறுபடி கேட்டார். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே சொன்னேன். அத்தோடு அது முடிந்தது. பிறகு ஒருநாளும் அவர் அதை எடுத்துப் பேசியதில்லை.

தம்பி தங்கைகளே, நம் அலுவலகத்துக் காலைக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். வட்டமாக நின்றுகொண்டு, "முடிஞ்சது" என்போம். அதற்கு, "சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும்" என்று பொருள். "கிட்டத்தட்ட முடிஞ்சது" என்றால் இன்னும் தொடங்கவில்லை என்று பொருள். கேட்பவருக்கும் அது தெரியும், சொல்பவருக்கும் தெரியும், சாயங்காலத்துக்குள் பெரும்பாலும் முடிந்தும்விடும். நான் அதில் கெட்டிக்காரன். மூன்று வேலைகளுக்கு "முடிஞ்சது" சொல்லிவிட்டு மதியத்துக்குள் மூன்றையும் முடித்துவிடும் வேகம் என்னிடம் இருந்தது. அந்த வேகத்துக்குத்தான் எனக்குப் பாராட்டு. இந்த வேலைக்கு வந்து ஸ்பானர் பிடிக்கக் கற்றது சுலபம். நாக்கை அந்த வேகத்திலிருந்து இறக்கத்தான் நாளானது. அது எந்த அளவுக்கு இறங்கியிருந்தது என்று எனக்கே தெரியாது, ஆவடிப் பக்கம் அந்த அடுக்குமாடிக்குப் போகும்வரை.

நான்கு மாடிக் குடியிருப்பு அது. பராமரிப்பை அப்போதுதான் எங்கள் நிறுவனத்துக்கு மாற்றியிருந்தார்கள். முதல் சோதனைக்கு நானும் சரவணனும் போனோம். இனி அந்தக் கட்டடம் என் பொறுப்பு என்று கலைச்செல்வி சொல்லியிருந்தார். லிஃப்ட் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. "சும்மா வெண்ணெய் மாதிரி போகும் சார்" என்று பெருமையாகச் சொன்னார் குடியிருப்போர் சங்கச் செயலாளர். தரைத்தளத்தில் குடியிருப்பவர், பனியனுக்கு மேல் துண்டு, கழுத்தில் மூக்குக்கண்ணாடிச் சரடு.

காலை முழுக்க எங்கள் குரல்கள் அந்தக் கட்டடத்தில் எதிரொலித்தன. ஸ்டாப் போட்டாச்சு. போட்டாச்சு, கேட்டேன். மெயின் ஆஃப். ஆஃப், கேட்டேன். நான்காவது மாடியில் ஒரு அம்மா கதவைத் திறந்துவைத்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். அவர் பெயர் விஜயா.

"ஏம்பா, ரெண்டு பேரும் ஒண்ணையே ரெண்டு தபா சொல்றீங்களே, காது கேக்காதா?" என்று சரவணனைக் கேட்டார்.

"கேக்குதும்மா. நான் சொன்னது அவனுக்குப் போய்ச் சேந்துச்சான்னு எனக்குத் தெரிய வோணாம்? அதுவும் கைய ஸ்விட்ச்சு மேல வெச்சிகினுதான் சொல்லணும், வெக்காம சொன்னா எங்க மேடம் டீ வாங்கிக் குடுத்தே சாவடிப்பாங்க" என்று அவன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

அந்த அம்மா சிரித்தார். உள்ளேயிருந்து ஓர் ஆண்குரல், "இன்னாவாம்?" என்று கேட்டது. "சும்மா பேசிக்கினு இருக்கோம், நீ படு" என்றார்.

கதவுச் சோதனை கடைசியில் வரும். லிஃப்டுக்கு ஒவ்வொரு மாடியிலும் ஒரு கதவு, ஒவ்வொரு கதவிலும் ஒரு பூட்டு, அந்தப் பூட்டில் ஒரு சின்ன மின்தொடர்பு. எல்லாம் திருவிழா சீரியல் லைட் போல ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கும். ஏதாவது ஒரு கதவு மூடாமல் இருந்தால் மொத்தத் தொடரும் அறுந்து லிஃப்ட் நின்றுவிட வேண்டும். லிஃப்டைக் கீழே ஓடவிட்டு, இரண்டாவது மாடிக் கதவை எங்கள் சாவியால் கொஞ்சம் திறந்தேன்.

லிஃப்ட் நிற்கவில்லை. வெண்ணெய் மாதிரி போய்க்கொண்டே இருந்தது.

மெயினை அணைத்து, சொல்லி, கேட்டு, கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்தோம். விரல் நீளத்துக்கு ஒரு சிவப்பு ஒயர், இரண்டு முனைகளை நேராக இணைத்துக்கொண்டிருந்தது. முன்பு பராமரித்த யாரோ செய்தது. மிகச் சுத்தமாக, முனைகளைச் சீவி, அழகாக முறுக்கிப் போட்டிருந்தார்கள். இரண்டாவது மாடிப் பூட்டுத் தேய்ந்து அடிக்கடி லிஃப்ட் நின்றிருக்கும். குடியிருப்பவர்கள் சத்தம் போட்டிருப்பார்கள். பூட்டை மாற்றாமல், பூட்டுகள் எல்லாம் சரியாக இருப்பதாக லிஃப்டிடம் சொல்ல இந்த ஒயரை வைத்துவிட்டார்கள். எந்தக் கதவு திறந்திருந்தாலும் லிஃப்ட் போய்க்கொண்டே இருக்கும்.

ஒயரைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டேன். மெயினைப் போட்டோம். லிஃப்ட் அசையவில்லை. அந்த ஒயர் இல்லாமல் அது ஓடாது.

கலைச்செல்வியைக் கூப்பிட்டேன். அதிசயமாக எடுத்தார்.

"ஒயர் இப்ப எங்க கீது?"

"என் பாக்கெட்ல."

"அங்கயே இருக்கட்டும். அது பழைய மாடல் பூட்டு, நம்மகிட்ட இல்ல. பாரீஸ் கார்னர்ல கடைக்காரரக் கேட்டுட்டுச் சொல்றேன்." சிறிது நேரத்தில் திரும்பக் கூப்பிட்டார். "நாளைக்கு வந்துரும்ன்றாரு. ஆனா அண்ணா, கடைக்காரர் சொன்னத நீங்க அங்க சொல்லாதீங்க. பூட்டு உங்க கைக்கு வந்தப்பறம் நாள் சொல்லுங்க."

செயலாளர் மேலே வந்துவிட்டார். "இவ்வளவு நாளா ஓடிக்கிட்டிருந்த லிஃப்டை நீங்க வந்து நிறுத்திட்டீங்களே சார்? அந்த ஒயரைப் போட்டுட்டு நாளைக்கு வந்து மாத்துங்க. ஒரு நாள்ல என்ன ஆயிடப் போகுது?"

சரவணனும் என் காதருகே வந்தான். "மாமே, நாலாவது மாடில அந்த ஐயாவுக்கு இன்னிக்கு டயாலிசிஸ்ஸாம். அந்தம்மா சொல்லிச்சு. மத்தியானம் போவணும். அவர எறக்க மட்டும் ஒயரப் போட்டு ஒரே ஒரு தபா வுட்டுடலாமா? ரெண்டாவது மாடில நான் நின்னுக்கறேன்."

நான் யோசித்தேன். யோசிக்கவில்லை என்று சொன்னால் அது உண்மையாக இருக்காது. ஒரே ஒரு தடவை, அதுவும் கண்முன்னால். நாங்கள் மூவரும் இரண்டாவது மாடிக்கு இறங்கினோம். கையில் சாவி இல்லாமல், வெறும் உள்ளங்கையை அந்தக் கதவில் வைத்துப் பக்கவாட்டில் தள்ளினேன். பூட்டு பிடிக்கவே இல்லை. கதவு வழுக்கிக்கொண்டு திறந்தது. உள்ளே லிஃப்ட் இல்லை, இருட்டும் கிரீஸ் வாடையும் கீழிருந்து வரும் காற்றும்தான் இருந்தன. இத்தனை நாளாக அந்தக் கதவில் சாய்ந்தபடி எத்தனை பேர் செருப்பு மாட்டியிருப்பார்கள்!

செயலாளர் பின்னால் நகர்ந்து சுவரைப் பிடித்துக்கொண்டார்.

சரவணன் குனிந்து கீழே பார்த்தான். "வோணாம் மாமே" என்றான். கதவை மூடி, குறுக்கே தடுப்புக் கட்டினோம்.

ஒயர் வேண்டாம் என்று செயலாளருக்கும் புரிந்துவிட்டது. ஆனால் அவருக்கு வேறு கவலை. "சரி சார், ஓட்ட வேணாம். ஆனா இப்பவே இல்லேன்னு சொன்னா எல்லாரும் என்னைப் பிடிச்சுக்குவாங்க. இன்னும் ஒரு மணி நேரத்துல ஆயிடும்னு குரூப்ல போட்டுடறேன். அப்புறம் பாத்துக்கலாம்."

அதற்குள் விஜயா அம்மா படியிறங்கி வந்தார். கையில் மருத்துவமனைக் கோப்பும் ஒரு போர்வையும் வைத்த பை. "லிஃப்ட் நிக்குதாமே? இவர மத்தியானம் கூட்டினு போவணும். ஆயிடுமா?"

"ஆயிடும்மா, ஆயிடும்" என்றார் செயலாளர், அன்பாகத்தான். "நீங்க உள்ள போய் உக்காருங்க. மெக்கானிக் சார் பாத்துக்கிட்டிருக்காருல்ல?" சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். தலையை மட்டும் ஆட்டினால் போதும் என்பதுபோல ஒரு பார்வை.

எனக்கு அந்தப் பார்வை நன்றாகத் தெரியும். ஆறாவது மாடியில் வருடக்கணக்காக அதற்குத் தலையாட்டியிருக்கிறேன். "பாத்துக்கிட்டிருக்கோம், சீக்கிரம் முடிஞ்சிடும்" என்ற வாக்கியம் நாக்கின் நுனிவரை வந்து நின்றது. அந்த அம்மா நிம்மதியாகப் போய் உட்காருவார். மதியம் வரும். கணவரை அழைத்துக்கொண்டு லிஃப்ட் வாசலில் நிற்பார். அப்போதும் நான் இன்னொரு அரை மணி நேரம் சொல்லுவேன்.

"ஆகாதும்மா" என்றேன். "இன்னைக்கு லிஃப்ட் இல்ல. நாளைக்கு வருமான்னும் எனக்கு இப்பத் தெரியாது. தெரிஞ்சதும் சொல்றேன்."

செயலாளர் நெற்றியில் கைவைத்தார். விஜயா அம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"இதத்தான் யாரும் சொல்ல மாட்டேன்றாங்க" என்றார். "போன தபா லிஃப்ட் நின்னப்ப பழைய ஆளு, 'இதோ ஆச்சு, இதோ ஆச்சு'ன்னு சொல்லிக்கினே இருந்தான். நாங்க வாசல்லயே சேர் போட்டு உக்காந்துகினு இருந்தோம். அங்க இவர் பெட்ட வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க. மறுநாள் வரைக்கும் மூச்சு வாங்கிக்கினு கெடந்தாரு. இல்லேன்னா இல்லேன்னு சொல்லிடு நைனா. மீதிய நான் பாத்துக்குவேன்."

பார்த்துக்கொண்டார். அங்கேயே நின்று மருத்துவமனைக்குப் போன் போட்டார். இன்னும் நேரம் இருந்ததால் அன்றைய கடைசி ஷிஃப்டுக்கு மாற்றித் தர ஒப்புக்கொண்டார்கள். ஆட்டோவுக்குச் சொன்னார். பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் மோட்டாரு தூக்கற ஆளுங்கதானே?"

அவர் கணவர் தனசேகர் பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். நிஜமான ஓய்வு, என்னுடையதைப் போல இல்லை. மெலிந்திருந்தார், குரல் மட்டும் மெலியவில்லை. கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்காரவைத்து, பாரம் தூக்கும் எங்கள் பட்டையை நாற்காலியோடு சுற்றிக் கட்டினோம். மோட்டாரைப் படியில் இறக்கும்போது செய்வதுபோல, பலமான ஆளான சரவணன் கீழ்ப்பக்கம், நான் மேல்பக்கம், நாற்காலியைப் பின்னால் சாய்த்துப் பிடித்தோம். மூன்றாவது மாடியிலிருந்து ஒரு இளைஞர் வந்து பக்கவாட்டில் தாங்கிக்கொண்டார். செயலாளர் பையையும் போர்வையையும் வாங்கிக்கொண்டு முன்னால் ஓடினார்.

"பிடிச்சாச்சு" என்றான் சரவணன்.

"பிடிச்சாச்சு, கேட்டேன்."

"இன்னாடா, பஜன பாடறீங்க?" என்றார் தனசேகர். விஜயா அம்மா, "அது அவங்க வழக்கம், நீ கம்முனு இரு" என்றார். அவர் கம்மென்று இருக்கவில்லை. நாற்காலியின் கைப்பிடியில் இரண்டு தட்டுத் தட்டி, "போலாம் ரைட்!" என்று குரல் கொடுத்தார். முதல் படி இறங்கினோம்.

ஒவ்வொரு திருப்பத்திலும், "ஹோல்டேய்" என்று நிறுத்தினார். எங்கள் மூன்று பேரின் கால்களையும் எட்டிப் பார்த்தார், பிறகுதான் அடுத்த ரைட். "கடைசி ஆளு கால் படில வெக்காம நான் ரைட் குடுத்ததே இல்ல" என்றார். இரண்டாவது மாடியில் நாங்கள் கட்டிய தடுப்பைப் பார்த்தார். "இதான் அந்தக் கதவா?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "போலாம் ரைட்" என்று மெதுவாகச் சொன்னார்.

அன்று மாலை சிகிச்சை முடிந்து வந்தவரை நான்கு மாடி தூக்கிக்கொண்டு ஏறத் தேவைப்படவில்லை. செயலாளர் தன் வீட்டுக் கூடத்தில் கட்டிலைப் போட்டு வைத்திருந்தார். "இவ்வளவு நாளா லிஃப்ட் எனக்குத் தேவைப்படலை சார், அதான் கவனிக்கல" என்று என்னிடம் சொன்னார். குரூப்பில் அவர் போட்ட செய்தியையும் காட்டினார்: "லிஃப்ட் இல்லை. எப்போது என்று தெரியாது. தெரிந்ததும் சொல்கிறோம்." கீழே இருபது கோபப் பொம்மைகள். ஒரே ஒரு கைகூப்பும் பொம்மை, விஜயா அம்மாவுடையது.

மறுநாள் பூட்டு வந்தது. கலைச்செல்வியே கொண்டுவந்து கொடுத்தார். "கைக்கு வந்துடுச்சாண்ணா?" என்றார். "வந்துடுச்சு மேடம்" என்றேன், பெட்டியைப் பிடித்துக்கொண்டே. அவர் வேறு கட்டடத்துக்குக் கிளம்பிவிட்டார்.

நானும் சரவணனும் பூட்டை மாட்டினோம். கொக்கிக்கும் வாய்க்கும் இடையே உள்ள இடைவெளியைச் சரிபார்த்தோம். ஒவ்வொரு மாடிக் கதவையும் திறந்து லிஃப்ட் நிற்கிறதா என்று பார்த்தோம். எல்லாக் கதவிலும் நின்றது. இரண்டாவது மாடிக் கதவை என் முழு பலத்தையும் கொடுத்துத் தள்ளினேன், அது அசையவில்லை. சரவணன் கேபினைக் கீழே கொண்டுபோய் நிறுத்தினான். நான் அந்தக் கதவருகிலேயே நின்றுகொண்டு, செயலாளர் வீட்டில் காத்திருந்த விஜயா அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"அம்மா, லிஃப்ட் ரெடி."



"கைய எங்க வெச்சிகினு சொல்ற நைனா?"

குனிந்து பார்த்தேன். என் இடது உள்ளங்கை அந்தக் கதவின் மேல்தான் இருந்தது. எப்போது வைத்தேன் என்று தெரியவில்லை.

"கதவு மேலதாம்மா."

"அப்ப வர்றோம்."

கீழே கதவு மூடும் சத்தம் கேட்டது. பூட்டு விழும் சத்தமும் கேட்டது. அதன் பிறகு, அந்த இருண்ட குழி வழியாக, இரண்டு தட்டும் ஒரு குரலும் மேலே வந்தன.

"போலாம் ரைட்!"

கையை எடுக்காமல் நானும் குரல் கொடுத்தேன்.

"போலாம் ரைட், கேட்டேன்!"